தண்டர்பேர்டு புதுப் பதிப்பு: அமுக்கலாமா, வேண்டாமா?

நண்பர்கள் நாலைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "தண்டர்பேர்டைத் திறந்தா ஓரத்துல ஒரு பெட்டி வருது சார். புதுப் பதிப்பு வந்திருக்கு, மூடித் திறக்கவான்னு கேக்குது. அமுக்கலாமா, வேண்டாமா?" ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுவது சௌகரியம். என் கட்சி இதுதான்: அமுக்குங்கள். ஆனால் உங்கள் கணினியில் இருப்பது எந்த வகைப் பதிப்பு என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வகைதான் ஒத்துவரும். எது என்று பிறகு சொல்கிறேன்.

தண்டர்பேர்டு என்றால் என்னவென்று தெரியாத வாசகர்களும் இருப்பார்கள். கைபேசியிலோ இணையப் பக்கத்திலோ போய் மின்னஞ்சல் பார்ப்பதற்குப் பதிலாக, கடிதங்களை நம் கணினிக்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ளும் மென்பொருள் அது. காசு கிடையாது. முதல் பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. அதற்கு முன் நம்மில் பலர் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் வைத்திருந்தோம். 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது அதில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் இல்லை. அந்த இடத்துக்கு வந்த மெயில் செயலிகளும் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியாக விண்டோஸ் 10உடன் வந்த மெயில் செயலிக்கும் 2024 டிசம்பர் 31ஆம் தேதியோடு மூடுவிழா நடத்திவிட்டார்கள். தண்டர்பேர்டு மட்டும் இருபது வருடம் தாண்டி நிற்கிறது.

நான் பிரெஞ்சுப் பதிப்பை வைத்திருக்கிறேன். பள்ளியில் படித்த மொழி, கண்ணுக்குப் பழகியது. வந்த கடிதம் 'குரியே ஆந்த்ரான்'. குப்பைத் தொட்டி 'கொர்பேய்'. எழுதி அனுப்பாமல் விட்டது 'ப்ரூய்யோன்'. எங்கள் காலத்தில் ரஃப் நோட்டுக்கு அதுதான் பெயர், 'காய்யே த ப்ரூய்யோன்' என்போம். விளம்பரக் குப்பைக்கு 'அந்தெசிராப்ள்', அதாவது வேண்டாதவர்கள். யாரோ விசா இல்லாமல் வந்து இறங்கியவர்களைச் சொல்வதுபோல் இருக்கும். பிரான்சில் மின்னஞ்சலுக்கே 'கூரியேல்' என்று கனடாக்காரர்கள் உண்டாக்கிய சொல்லை எடுத்து, 2003இல் அரசிதழில் போட்டு அரசு அலுவலகங்களில் புழங்கச் சொன்னார்கள். மக்கள் என்னவோ இன்றும் 'மேல்' என்றுதான் பேசுகிறார்கள். அரசிதழ் ஒன்று சொல்வதும் தெரு வேறொன்று சொல்வதும் எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு பதிப்போடும் ஒரு வெளியீட்டுக் குறிப்பு வரும். அதில் புதியவை, மாற்றியவை, சரிசெய்தவை என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். யாரும் படிப்பதில்லை. படிப்பவர்களும் 'புதியவை' என்ற பகுதியோடு நிறுத்திவிடுவார்கள். நான் அதைக் கீழிருந்து படிக்கிறேன். அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் தானாக வரும். அரசாணையின் தலைப்பில் பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று ஓடும். நமக்கு வேண்டியது கடைசிப் பத்தியில் இருக்கும். இங்கேயும் அப்படித்தான். 'சரிசெய்தவை' பகுதியின் அடியில் 'பாதுகாப்புத் திருத்தங்கள்' என்று இரண்டே சொல் ஒதுங்கி நிற்கும். அமுக்கச் சொல்வது அந்த இரண்டு சொல்லுக்காகத்தான்.

அதில் என்ன இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 2018 மே மாதம் மூன்ஸ்டர், போஹும், லூவென் நகரங்களைச் சேர்ந்த பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு ஓட்டையை வெளியிட்டார்கள். அதற்கு 'ஈஃபெயில்' என்று பெயர். சங்கேதமாக்கி அனுப்பிய கடிதத்தை ஒருவன் வழியில் பிடித்துவிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனால் படிக்க முடியாது. சாவி நம்மிடம்தான் இருக்கிறது. அவன் என்ன செய்கிறான்? அந்தக் கடிதத்தின் முன்னும் பின்னும், 'இந்த முகவரியிலிருந்து ஒரு படம் கொண்டுவா' என்கிற கட்டளையை ஒட்டி மறுபடி நமக்கே அனுப்புகிறான். நம் மென்பொருள் கடமை உணர்ச்சியோடு கடிதத்தைத் திறக்கிறது. திறந்த வாசகம் படத்தின் முகவரியோடு சேர்ந்துகொள்கிறது. படத்தைக் கேட்கப் போகும்போது வாசகமும் திருடன் வீட்டுக்கே போய்ச் சேர்கிறது. பூட்டை உடைக்கவில்லை, வீட்டுக்காரனையே திறந்து கொடுக்க வைத்துவிட்டான்! தண்டர்பேர்டு உட்படப் பல மென்பொருள்கள் இதில் மாட்டின. அடுத்தடுத்து வந்த திருத்தங்களில்தான் அடைத்தார்கள். அன்றைக்கு "இருக்கிறதே போதும்" என்று புதுப்பிக்காமல் உட்கார்ந்திருந்தவர் வீட்டில் அந்த ஓட்டை அப்படியே இருந்தது.

நாம் யாரும் சங்கேதக் கடிதம் எழுதுவதில்லை என்பீர்கள். சரி. ஆனால் இதே படச் சமாசாரம் சாதாரணக் கடிதத்திலும் உண்டு. கடிதத்தைத் திறந்தவுடன், தூரத்தில் உள்ள படங்களை மறித்திருக்கிறேன் என்று தண்டர்பேர்டு மேலே ஒரு பட்டை காட்டும். அது தொல்லை அல்ல. அந்தப் படத்தைக் கொண்டுவந்தால், நீங்கள் கடிதத்தைத் திறந்த விஷயம் அனுப்பியவனுக்குத் தெரிந்துவிடும். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை இருந்ததே, அதில் நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் திரும்பிப் போகும். இந்தப் படமோ, கையெழுத்தே கேட்காமல் போய்விடும் ஒப்புகை அட்டை. தெரிந்தவர் அனுப்பிய கடிதம் என்றால் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரன் கடிதம் என்றால் வேண்டாம்.

ஆக, திருத்தம் வேண்டும். சிக்கல் எங்கே என்றால், திருத்தத்தைத் தனியாக வாங்க முடியாமல் அலங்காரத்தோடு சேர்த்துக் கட்டித் தருவதுதான். ரேஷன் கடையில் அரிசியோடு வேண்டாத ஊறுகாய்ப் பொட்டலத்தையும் தலையில் கட்டுவது மாதிரி.

2023 ஜூலையில் வந்த 115ஆம் பதிப்பு அப்படித்தான் வந்தது. 'சூப்பர்நோவா' என்று பெயர் வைத்தார்கள், வெடித்துச் சிதறும் நட்சத்திரம். பெயருக்குப் பழுதில்லை, என் நண்பர்கள் பலருக்கு அன்று அதுதான் நடந்தது. மேலே இருந்த பட்டைகளை ஒன்றாக்கினார்கள். பழக்கப்பட்ட பொத்தான்கள் இடம் மாறின. கடிதங்களை அட்டை அடுக்கியதுபோல் காட்டும் புதுப் பார்வை வந்தது. பறவைச் சின்னத்தைக்கூட மாற்றினார்கள் (அதை மட்டும் குறை சொல்ல மாட்டேன். முதலில் வரைந்த ஜான் ஹிக்ஸையே கூப்பிட்டு வரையச் சொன்னார்கள், நன்றாகவே இருக்கிறது). கணக்குத் துறையில் முப்பது வருடம் இருந்த நண்பர் ஒருவர் அன்று முதல் தண்டர்பேர்டைத் திறப்பதையே விட்டுவிட்டார். பேரன் கைபேசியில் போட்டுக் கொடுத்ததைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறார். பதில் எழுதுவது நின்றுபோயிற்று. முன்பெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவார். இப்போது கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது, அவ்வளவுதான்.

"பெரியவர்களுக்குப் புதுசு பிடிக்காது" என்று இதற்கு இளைஞர்கள் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். தவறு. நமக்குப் புதுசு பிடிக்காமல் இல்லை. தட்டச்சிலிருந்து கணினிக்கு மாறியவர்கள் நாம். பொத்தான் இருக்கும் இடத்தை நம் கை மனப்பாடம் செய்திருக்கிறது, கண் அல்ல. கண்ணில் புரையும் கையில் லேசான நடுக்கமும் வந்த பிறகு, அந்த மனப்பாடம்தான் நமக்கு ஊன்றுகோல். அதை ராத்திரியோடு ராத்திரியாக இடம் மாற்றி வைத்துவிட்டு "இது இன்னும் அழகு" என்றால் என்ன செய்வது? இருபத்தைந்து வயதுக்காரருக்கு ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். நமக்கு ஒரு மாதம். சிலருக்கு, அந்த நண்பரைப் போல, பழகாமலே போய்விடும். இந்தச் செலவைக் குறிப்பில் எங்கும் எழுதுவதில்லை.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே மென்பொருளில்தான் மூன்று கோடு போட்ட மெனுவைத் திறந்தால் எழுத்தின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் பொத்தான் வைத்திருக்கிறார்கள். வரிகளுக்கு நடுவே இடைவெளியை நெருக்கமாக, நடுத்தரமாக, தாராளமாக என்று மாற்றலாம். நான் எழுத்தை நாலு படி ஏற்றி, இடைவெளியைத் தாராளமாக்கி வைத்திருக்கிறேன். கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை. விண்டோஸில் பழைய மெனு வேண்டுமென்றால் ஆல்ட் விசையைத் தட்டினால் எட்டிப் பார்க்கும். அட்டைப் பார்வை பிடிக்காவிட்டால் பழைய அட்டவணைப் பார்வைக்குத் திரும்பலாம். 2025 ஜூலையில் வந்த 140ஆம் பதிப்பில் கோப்புறைகளை நம் இஷ்டப்படி இழுத்து வரிசைப்படுத்தலாம். இதற்கு இருபது வருடம் பிடித்ததா என்று கேட்காதீர்கள். அதே பதிப்பில் கடிதத்தின் உள்பக்கத்தையும் கறுப்புப் பின்னணியில் படிக்க வழி செய்தார்கள். ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து உட்காருபவர்களுக்கு அது உபகாரம்.

என் உண்மையான மனக்குறை சேர்த்ததில் இல்லை, எடுத்ததில் இருக்கிறது.

யூனிகோடு பரவுவதற்கு முன் நாம் தமிழில் எப்படி மின்னஞ்சல் எழுதினோம் என்பது நினைவிருக்கும். தகுதரம் என்று ஓர் எழுத்துரு முறை, டிஸ்கி என்போம். தாப், தாம் என்று வேறு இரண்டு. அனுப்புகிறவரிடம் உள்ள எழுத்துருவே பெறுகிறவரிடமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் திரையில் கொம்பும் தொப்பியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாக ஓடும். எனக்கு அது பைத்தியம் பிடித்த பிரெஞ்சு மாதிரியே தெரியும். அந்தக் காலத்தில் தண்டர்பேர்டின் பார்வை மெனுவில் எழுத்துக் குறியாக்கம் என்று நீண்ட பட்டியல் இருந்தது. அதில் 'பயனர் வரையறுத்தது' என்பதைத் தேர்ந்தெடுத்து, டிஸ்கி எழுத்துருவைப் போட்டால், பைத்தியம் தெளிந்து தமிழாகிவிடும்.

பாரிஸில் இருந்த என் அண்ணன் 2003 முதல் 2009 வரை டிஸ்கியில்தான் எழுதினார். யூனிகோடுக்கு மாறச் சொன்னால் "போடா, இப்பத்தான் இது பழகிச்சு" என்பார். இருநூற்றுச் சொச்சம் கடிதங்கள். அவர் காலமாகிவிட்டார். அவருடைய கணக்கும் இப்போது இல்லை. கடிதங்கள் என் கணினியில் மட்டும்தான் இருக்கின்றன.

2021க்குப் பின் வந்த பதிப்புகளில் அந்த நீண்ட பட்டியலை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக 'எழுத்துக் குறியாக்கத்தைச் சரிசெய்' என்று ஒரே ஒரு கட்டளை. மென்பொருள் தானே ஊகித்துச் சரிசெய்யுமாம். ரஷ்ய மொழியை ஊகிக்கும், ஜப்பானியத்தை ஊகிக்கும். டிஸ்கி அதன் ஊகத்தில் இல்லை. பட்டியலை யாரும் பயன்படுத்துவதில்லை, குழப்பம்தான் மிச்சம் என்பது அவர்கள் நியாயம். உலகக் கணக்கில் பார்த்தால் உண்மையாகவே இருக்கும். ஆனால் ஆவணக் காப்பறையில் வேலை பார்த்தவன் கேட்பான்: பத்து வருடமாக யாரும் கேட்காத கோப்பு என்பதால் அதை எரித்துவிடலாமா? ஒருவர் கேட்டு வருகிற நாள்தான் அந்தக் கோப்பு இருப்பதன் காரணம்.

இருந்தாலும் இங்கேதான் தண்டர்பேர்டின் அருமையும் தெரிகிறது. படிக்கும் கண்ணாடியைத்தான் எடுத்தார்கள், கடிதத்தை அல்ல. ஒவ்வொரு கோப்புறையும் நம் கணினியில் சாதாரண எழுத்துக் கோப்பாகவே கிடக்கிறது. எம்பாக்ஸ் என்று பெயர். கடிதங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, தபால் பதிவேட்டில் ஒட்டியதுபோல் இருக்கும். ஒன்றை அழித்தால்கூட உடனே போகாது. பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு இழுத்ததுபோல் ஒரு குறி விழும். 'சுருக்கு' என்ற கட்டளை ஓடும்போதுதான் கோடு இழுத்தவற்றை விட்டுவிட்டு மற்றதை மறுபடி எழுதிக்கொள்ளும். நான் கன்ட்ரோலும் யு விசையும் சேர்த்து அமுக்கி அண்ணன் கடிதத்தின் மூலத்தைத் திறந்து, பிரதியெடுத்து, என்.எச்.எம். கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக்குகிறேன். நாளைக்கு மூன்று கடிதம். வேலையும் ஆகிறது, அவரோடு பேசின மாதிரியும் இருக்கிறது.

கணக்கு இணையத்தில் மட்டும் இருந்தால் இந்த வசதி இல்லை. கூகுள் நிறுவனம் இரண்டு வருடம் தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்று 2023இல் விதி போட்டு, அந்த டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவர்கள் இடம், அவர்கள் விதி. அதில் கோபப்பட ஒன்றுமில்லை. இறந்துபோனவர் கணக்கைத் திறந்து பார்க்க வீட்டில் யாருக்கும் கடவுச்சொல் தெரியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இதையெல்லாம் யோசித்த அரசுகளும் உண்டு. பிரான்சின் காவல் படையான ழாந்தார்மெரி 2000களின் நடுவில் தண்டர்பேர்டுக்கு மாறியது. அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம் அதே மென்பொருளை எடுத்து, கடிதம் படிக்கப்பட்டதா என்பதை உறுதியாக அறியும் வசதி போன்றவற்றைச் சேர்த்து 'ட்ரஸ்டட்பேர்டு' என்று தனக்கென ஒன்று செய்துகொண்டது. மூல நிரல் திறந்து கிடப்பதால் முடிந்தது. கடிதப் போக்குவரத்தின் சாவியைத் தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு ராணுவத்துக்குத் தோன்றியது நமக்கும் தோன்றலாம், தப்பில்லை.

இப்போது எந்தப் பதிப்பு என்ற கேள்வி. தண்டர்பேர்டு இரண்டு வகையில் வருகிறது. ஒன்று மாதாமாதம் புதியவற்றைச் சேர்த்துக்கொண்டே வருவது. இன்னொன்று நீண்ட ஆதரவுப் பதிப்பு, ஈ.எஸ்.ஆர். என்பார்கள். வருடத்துக்கு ஒருமுறைதான் பெரிய மாற்றம் வரும், நடுவில் திருத்தங்கள் மட்டும். 78, 91, 102, 115, 128, 140 என்று எண் தாவுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நம் தெருக்களில் பழைய எண் புதிய எண் போட்டவர்களைவிட இவர்கள் தேவலை. 140.1, 140.2 என்று புள்ளிக்குப் பின்னால் ஏறுவதெல்லாம் திருத்தம்தான், கண்ணை மூடிக்கொண்டு அமுக்கலாம். 2025 மார்ச்சிலிருந்து இணையதளத்தில் சும்மா தரவிறக்கினால் வருவது மாதாந்திர வகை. ஈ.எஸ்.ஆர். வேண்டுமென்றால் அதைக் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்படி மாற்றியது எனக்கு உடன்பாடில்லை. இளைஞர்கள் தேடி எடுத்துக்கொள்வார்கள். தேடத் தெரியாதவர்களுக்குத்தான் நிதானமான வகை முதலில் கைக்கு வர வேண்டும். உங்களிடம் இருப்பது எது என்று உதவி மெனுவில் 'தண்டர்பேர்டு பற்றி' என்பதைத் திறந்தால் தெரியும். எண்ணுக்குப் பக்கத்தில் ஈ.எஸ்.ஆர். என்று இருந்தால் நிம்மதி. விண்டோஸ் 7, 8 வைத்திருப்பவர்களுக்கு 115தான் கடைசி. அதற்கு மேல் ஏறாது, கணினியைத்தான் மாற்ற வேண்டும்.

குறை சொல்பவன் காசும் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். 2012இல் மொசில்லாவே இதில் புது வேலை செய்வதைக் குறைத்துக்கொள்வதாக அறிவித்துவிட்டது. தன்னார்வலர்கள்தான் இழுத்துப் பிடித்தார்கள். 2020 ஜனவரியில் தனி நிறுவனமாக்கினார்கள். பெரும்பாலும் பயனர்களின் நன்கொடையில்தான் ஓடுகிறது. 2022இல் மூன்று லட்சம் பேருக்கு மேல் கொடுத்து 64 லட்சம் டாலர் சேர்ந்தது. ஆளுக்கு இருபது டாலர் சுமார். நான் வருடத்துக்கு ஒருமுறை, நவம்பரில் ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கும் வாரத்தில், ஒரு சிறு தொகை அனுப்புகிறேன். கூடவே அந்த எழுத்துக் குறியாக்கப் பட்டியலைத் திருப்பிக் கொடுங்கள் என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஒரு வரி.

அமுக்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உதவி மெனுவில் 'பிழைநீக்கத் தகவல்' என்று இருக்கும். அதைத் திறந்தால் சுயவிவரக் கோப்புறை என்று ஒரு வரியும் பக்கத்தில் அதைத் திறக்கும் பொத்தானும் தெரியும். பொத்தானை அமுக்கி, கோப்புறை திறந்ததும் தண்டர்பேர்டை மூடிவிட்டு, அதை முழுசாக ஒரு பென் டிரைவில் பிரதியெடுங்கள். கடிதம், முகவரி, அமைப்பு எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. பென் டிரைவின்மேல் தேதி எழுதி ஒட்டி, பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். என்ன இருக்கிறது என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.